ஊரைக் கணக்கெடுப்போம்: மக்கள்தொகையும் போக்குவரத்தும்

(தருமபுரி மாவட்டத்தில் நடைபெற்ற குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில், நடுநிலைப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளூர்ச் சூழலை வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்துவது என்பது குறித்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் அதை ஒரே ஒரு தாளுக்குள் சுருக்கிக்கொள்கிறேன். அந்தத் தாளுக்கு எங்கள் பள்ளியில் 'ஊர் விவரத் தாள்' என்று பெயர். ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் எப்படி வெளியே போய்த் திரும்புகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதும் தாள் அது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நம் மாவட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது தருமபுரி மாவட்டம். 2004-இல் கிருஷ்ணகிரி நம்மிடமிருந்து பிரிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்ட மக்கள்தொகை 15,06,843. மாநிலத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 555 பேர். நம் மாவட்டத்தில் 335 பேர். மாநிலத்தில் நூற்றுக்கு 48 பேர் நகரங்களில் வாழ்கிறார்கள். இங்கே 17 பேர்தான். மீதி 83 பேரும் கிராமத்தில் இருக்கிறார்கள். எழுத்தறிவு மாநிலத்தில் சுமார் 80 விழுக்காடு. நம் மாவட்டத்தில் 68.5. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் கடைசி இடம் நமக்குத்தான்.

இந்த எண்களை நாம் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறோம். கேட்டுத் தலைகுனிந்தும் இருக்கிறோம். ஆனால் இவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. மக்கள் நெருக்கம் குறைவு, கிராமங்கள் அதிகம் என்றால் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன என்று பொருள். வீடுகள் சிதறிக் கிடந்தால் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே தூரம் கூடுகிறது. எழுத்தறிவு குறைந்ததற்கு வறுமை முதலான பல காரணங்கள் உண்டு. அவற்றில் தூரமும் ஒன்று. நம்மால் அளந்து காட்டக்கூடிய காரணம் அது.

இந்தத் தூரத்தை அரசுக் கணக்கு எப்படிப் பதிவு செய்கிறது? 2011 கணக்கெடுப்போடு ஒவ்வொரு கிராமத்துக்கும் வசதிகள் பற்றிய ஒரு பட்டியல் வெளிவந்தது. அரசுப் பேருந்து, தனியார் பேருந்து, ரயில் நிலையம், ஆட்டோ, டாக்சி, டிராக்டர், கால்நடை இழுக்கும் வண்டி, தார்ச் சாலை, சரளைச் சாலை, நீர்வழி, நடைபாதை என்று வரிசையாகக் கேள்விகள். வசதி இருந்தால் 'உண்டு'. இல்லையென்றால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதற்கு மூன்று குறியீடுகள்: 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10 வரை, 10-க்கு மேல்.

நல்ல பட்டியல்தான். நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி எடுக்க வேண்டிய கணக்கு இதைவிட நுணுக்கமாக இருக்க முடியாது. ஆனால் ஆசிரியர்களாகிய நாம் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, அந்தப் பட்டியலில் 'கிராமம்' என்பது வருவாய்க் கிராமம். நம் பக்கத்தில் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் நாலைந்து குக்கிராமங்கள், கொட்டாய்கள், காலனி, காட்டோரத் தனி வீடுகள் எல்லாம் அடங்கும். அரூர்ப் பக்கம் சித்தேரி மலையைப் பாருங்கள். ஒரே ஊராட்சி; அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் மலை முழுக்கப் பரவியிருக்கின்றன. அவற்றில் ஏதோ ஓர் ஊருக்குப் பேருந்து வந்துவிட்டால் எல்லா ஊருக்கும் வந்ததாக ஆகிவிடுமா?

இரண்டு, பேருந்து 'உண்டு' என்ற சொல்லில் நேரம் இல்லை. நாளைக்கு இருபது முறை வந்தாலும் 'உண்டு'தான். இரண்டு முறை வந்தாலும் 'உண்டு'தான்.

வகுப்பில் இதை விளக்க நான் ஒரு கற்பனை ஊரைப் பயன்படுத்துகிறேன். ஊரின் மொத்த மக்கள் 1,800 பேர். தாய்க் கிராமத்தில் 700 பேர். அங்கேதான் பேருந்து நிற்கிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளி 450 பேர், இரண்டு கிலோமீட்டர் தள்ளி 300 பேர், மூன்றரை கிலோமீட்டரில் 200 பேர், ஐந்து கிலோமீட்டரில் 150 பேர். இப்போது கணக்குப் போடுங்கள் என்பேன். பட்டியலில் இந்த ஊருக்குப் பேருந்து 'உண்டு'. உண்மையில் 1,100 பேர், அதாவது நூற்றுக்கு 61 பேர், பேருந்து நிற்கும் இடத்துக்கு வெளியே இருக்கிறார்கள். ஒருவருக்குச் சராசரியாக எவ்வளவு தூரம் என்று கேட்டால், சுமார் 1.4 கிலோமீட்டர் என்று விடை வரும். "அவ்வளவுதானா டீச்சர், நடந்துடலாமே" என்பார்கள். அப்புறம் கடைசி இரண்டு குக்கிராமங்களைத் தனியாகப் பார்க்கச் சொல்வேன். 350 பேர். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அவர்கள் மூன்றரை கிலோமீட்டரோ ஐந்து கிலோமீட்டரோ நடக்கிறார்கள். புத்தகப் பை சுமக்கும் பிள்ளைக்கு மூன்றரை கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு மணி நேர நடை. சராசரி எதை மறைக்கிறது என்பதைப் புள்ளியியல் பாடத்தில் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

கற்பனை ஊர் போதும். இனி உண்மை ஊர்கள். பென்னாகரம் சட்டமன்றத் தொகுதிக்கு உட்பட்ட கோட்டூர் மலையை நீங்கள் அறிவீர்கள். 2019, 2021 தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் அங்கே கழுதை மேல்தான் ஏறின. செய்தித்தாள்கள் படத்தோடு போட்டன. தேர்தலுக்கு ஒரு நாள் சுமந்த கழுதைதான் மற்ற நாளில் அந்த மக்களின் அரிசியையும் பருப்பையும் சுமந்தது. அரசுப் பட்டியலில் கால்நடை இழுக்கும் வண்டிக்கு ஒரு வரிசை உண்டு. பொதி சுமக்கும் கழுதைக்கு வரிசை இல்லை. ஏனென்றால் வண்டி உருள ஒரு பாதையாவது இருக்கும் என்று எண்ணித்தான் பட்டியல் போடுகிறார்கள்.

இன்னொரு பக்கம் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. நாகமரை, ஒட்டனூர்க் கரையில் இருப்பவர்கள் எதிரே தெரியும் பண்ணவாடிக்கும் கோட்டையூருக்கும் படகில் போய்வருகிறார்கள். அக்கரை சேலம் மாவட்டம். தரைவழியாகப் போனால் பல கிலோமீட்டர் சுற்று. நீர்வழி என்ற வரிசை கடலோர மாவட்டங்களுக்கு மட்டும் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். நம் மாவட்டத்திலும் அது தேவை என்று தெரிந்ததும் அவர்களுக்கு ஒரே வியப்பு.

வரலாற்றுப் பாடத்துக்கும் இதில் இடம் உண்டு. 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய இருப்புப்பாதை ஒன்று வந்தது. பஞ்சகாலத்தில் தானியம் கொண்டுவர உதவும் என்று போட்ட பாதை அது. பிறகு ஓசூர் வரை நீண்டது. 1941-இல் அதை மூடிவிட்டார்கள். அதே மொரப்பூர் - தருமபுரி பாதைக்கு 2019-இல் மறுபடியும் அடிக்கல் நாட்டினார்கள். வந்த வசதி போவதும் உண்டு, போனதை மீண்டும் கேட்பதும் உண்டு என்பதற்கு இதுவே பாடம். ஊர் விவரத் தாளை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதாது. ஆண்டுதோறும் எழுத வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது எங்கள் தாளில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

முதல் பகுதி மக்கள். குக்கிராமம் வாரியாக வீடுகள், ஆட்கள், ஆறு வயதுக்கு உட்பட்டோர், பள்ளி வயதினர், முதியோர். அங்கன்வாடிப் பணியாளரும் கிராமச் சுகாதாரச் செவிலியரும் தங்கள் பதிவேட்டிலிருந்து மொத்த எண்ணிக்கையை மட்டும் சொல்லி உதவுகிறார்கள். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக நாம் எப்படியும் வீடு வீடாகப் போகிறோம். அந்த நடையும் இதற்குப் பயன்படுகிறது.

இந்தப் பகுதியில் ஒரு கேள்வி முக்கியம்: 'எந்தெந்த மாதங்களில் வீட்டில் ஆள் இருப்பதில்லை?' நம் மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி இல்லாமல் முடியாது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கும், கேரளத்துக்கும் போகிற குடும்பங்கள் எத்தனை! 2011-இல் மக்களை எண்ணியது பிப்ரவரி 9 முதல் 28 வரை. நான் அப்போது கணக்கெடுப்பாளராக வேலை பார்த்தேன். அந்த நாட்கள் முழுவதும் வெளியூரில் இருப்பவரை இருக்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும் என்பது விதி. சரியான விதிதான், இல்லையென்றால் ஒரே ஆளை இரண்டு இடத்தில் எண்ண நேரும். ஆனால் பொங்கல் முடிந்து பிழைப்புக்குப் போனவர்களின் வீட்டில் பாட்டியும் பேரப் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். அந்த ஊருக்கு எத்தனை பேருந்து தேவை என்பதை அந்தப் பிப்ரவரியின் எண்ணிக்கை மட்டும் சொல்லிவிடாது. பண்டிகைக்கு ஊர் நிறையும்போது பேருந்தின் படியில் தொங்குகிற கூட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் பகுதி போக்குவரத்து. இங்கே 'உண்டு, இல்லை' என்று எழுத நான் அனுமதிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் நேரம் எழுத வேண்டும். முதல் பேருந்து எத்தனை மணிக்கு? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? நடுவில் எத்தனை? ஞாயிற்றுக்கிழமை வருமா? வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு நடக்க எத்தனை நிமிடம்? வழியில் ஓடை உண்டா, மழை பெய்தால் கடக்க முடியுமா? வழியில் விளக்கு உண்டா? ஷேர் ஆட்டோ எத்தனை ஆள் சேர்ந்தால் புறப்படும்? 108 ஆம்புலன்ஸ் எந்த இடம் வரை வரும்?

இதைத் தொகுத்தபோது பிள்ளைகளே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தக்காளி பறிக்கும் காலத்தில் விடியற்காலையில் எல்லாக் குக்கிராமத்துக்கும் குட்டி யானை வண்டி வந்துவிடுகிறது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போகிறது. "தக்காளி போற ரோட்டுல நம்ம போக முடியாதா டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பாதை இருக்கிறது, வண்டி ஓடுகிறது, ஆளை ஏற்றும் வண்டி மட்டும் இல்லை. அந்தச் சரக்கு வண்டியின் பின்னால் ஏறிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது எவ்வளவு ஆபத்து என்பது நமக்கும் தெரியும், அவர்கள் பெற்றோருக்கும் தெரியும்.

இந்தத் தாளால் என்ன பயன் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் நம் மாநில விதிகள் தொடக்கக் கல்விக்கு ஒரு கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரைக்கும் மூன்று கிலோமீட்டர் என்று தூரத்தை வரையறுத்தன. எட்டாம் வகுப்போடு அந்த வரையறை முடிகிறது. பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வந்துவிடுகிறது. கல்லூரிக்குப் போனால் 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஒன்பதும் பத்தும்? அந்த இரண்டு ஆண்டுகளுக்குக் கையில் இருப்பது இலவசப் பேருந்து அட்டை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் கட்டணமில்லை. நானும் அதில்தான் பள்ளிக்கு வருகிறேன். எத்தனை குடும்பத்துக்கு அது உதவியிருக்கிறது என்று தினமும் பார்க்கிறேன். ஆனால் அட்டையும் இலவசமும் பேருந்து வந்து நிற்கும் நேரத்துக்கும் இடத்துக்கும்தான் செல்லும்.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கும் பெண் பிள்ளைகள் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். தாளைத் தயாரித்தபோது பிள்ளைகள் எழுதியது இது: மாலையில் அந்தப் பள்ளி விடுவது 4.15-க்கு. பேருந்து அந்த நிறுத்தத்தைக் கடப்பது 4.05-க்கு. அடுத்தது 6.20-க்கு. கடைசிக் குக்கிராமத்துப் பெண் காலை 7 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, 6.20 பேருந்தைப் பிடித்து இறங்கி, இருட்டில் நடந்து வீடு சேர 7.30 ஆகிறது. பன்னிரண்டரை மணி நேரம். இடையில் பத்து நிமிடம்தான் பிரச்சினை.

அந்தக் குக்கிராமத்து அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "படிக்கறத ஆரும் வேண்டாங்கல டீச்சர். பொழுது எறங்கறதுக்குள்ள புள்ள ஊடு வந்து சேரணுமில்ல?" இதற்கு நாம் என்ன விழிப்புணர்வுப் பேச்சுப் பேச முடியும்? அவருக்கு விழிப்புணர்வு இருக்கிறது. பேருந்துதான் பத்து நிமிடம் முன்னால் போகிறது. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் நின்றால் அடுத்த பேச்சு கல்யாணப் பேச்சுதான் என்பதை நம் மாவட்டத்தில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தாளைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தோம். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். வழக்கமாகப் பேசாத தாய்மார்கள்கூட அன்று பேசினார்கள். ஏனென்றால் தாளில் இருந்தது அவர்கள் நடை, அவர்கள் நேரம். தீர்மானம் போட்டோம். அக்டோபர் 2 கிராம சபையில் அதே தாளைப் பெற்றோர் படித்தார்கள். மனுவோடு வரைபடத்தையும் நேர அட்டவணையையும் இணைத்தார்கள். 'பேருந்து வேண்டும்' என்று கேட்கவில்லை. 'இந்தப் பேருந்து இருபது நிமிடம் தள்ளி வந்தால் இத்தனை பிள்ளைகள் ஏறுவார்கள்' என்று கேட்டார்கள். புதுப் பேருந்து என்றால் வண்டி, ஓட்டுநர், நடத்துநர், டீசல் என்று பல செலவு. நேரத்தை மாற்ற அவ்வளவு செலவில்லை. சில மாதம் அலைந்த பிறகு நேரம் மாறியது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடைசிக் குக்கிராமத்துக்கு இன்னும் பேருந்து போகவில்லை. நிறுத்தத்திலிருந்து வீடு வரை அந்த நடை அப்படியே இருக்கிறது. ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே நடக்கிறார்கள்; பெற்றோர் முறை வைத்துத் துணைக்கு வருகிறார்கள். அந்த அம்மாவின் மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள்.

இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்.

சிறிய வகுப்புகளில் தொடக்கம் எளிது. மூன்றாம் வகுப்பில் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொல்லலாம். நான்காம் வகுப்பில் கடிகார நேரம். பேருந்து நேர அட்டவணையே பயிற்சித் தாள். ஆறு, ஏழாம் வகுப்பில் பட்டை வரைபடமும் விழுக்காடும். எட்டாம் வகுப்பில் சராசரி, வேகம், தொலைவு. தமிழ்ப் பாடத்தில் அலுவலகக் கடிதம் எழுதும் பயிற்சி இருக்கிறதே, அதற்குக் கற்பனை முகவரி தேடாமல் உண்மையான கடிதமே எழுதலாம்.

தாளில் யாருடைய பெயரும் வேண்டாம். சாதி, வருமானம், நோய் பற்றிய கேள்வியும் வேண்டாம். குக்கிராமத்துக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கை போதும். சின்ன ஊரில் பெயர் இல்லாமலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரே ஒரு வீட்டைக் காட்டும் விவரமாக இருந்தால் அதை வெளியே ஒட்டாதீர்கள்.

வாகனம் எண்ணுகிறோம் என்று பிள்ளைகளை நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தாதீர்கள். தொப்பூர்க் கணவாய் நமக்குக் கற்றுத்தந்த பாடம் போதும். ஊருக்குள்ளே, பெரியவர் ஒருவர் துணையோடு, பகலில் செய்வதே நல்லது.

கடைசியாக ஒன்று. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. நடுவில் 16 ஆண்டுகள். இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். இன்று நம் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் 2011-க்குப் பிறகு பிறந்தவர்கள். நாட்டின் எந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அவர்கள் இதுவரை எண்ணப்படவில்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதை அறிந்தவர்கள் நாம்தான். நம் வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது.

அந்தக் கணக்கெடுப்புக்கும் நம்மில் பலரைத்தான் அழைப்பார்கள். கைப்பேசியில் பதிவு செய்யும் முறை வருகிறது. அங்கே கேட்கும் கேள்விகளை மாற்ற நமக்கு உரிமை இல்லை. கேட்டதைச் சரியாக எழுதுவோம். ஆனால் நம் பள்ளியின் தாளில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது நம் கையில் இருக்கிறது. பேருந்து உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்கு, எந்தப் பிள்ளைக்கு என்று கேட்போம். இந்தப் பருவத்திலேயே ஒரு வகுப்பில் தொடங்கிப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஊரின் தாளையும் எடுத்து வாருங்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்த் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரே பேருந்துத் தடத்தில் எத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அப்போது மனுவும் ஒரு பள்ளியின் மனுவாக இருக்காது.